எசேக்கியேல் முதலாம் அதிகாரத்தை வாசிப்பது எப்படி? கேபார் நதியோரத் தரிசனத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தைத் திறக்கிற பலர் பத்தாம் வசனத்தைத் தாண்டுவதற்குள் வழி தவறிவிடுகிறார்கள். நாலு முகம், நாலு செட்டை (இறக்கை), கன்றுக்குட்டியின் பாதம், சக்கரத்துக்குள் சக்கரம், அந்தச் சக்கரத்தைச் சுற்றிலும் கண்கள். மனசு இதையெல்லாம் ஒரே படமாகச் சேர்க்கப் பார்க்கிறது, சேரவில்லை, உடனே பக்கத்தைப் புரட்டி 37-ஆம் அதிகாரத்து உலர்ந்த எலும்புகளுக்குப் போய்விடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் போனேன். முதல் அதிகாரத்தை ஏதோ தாண்டிக் குதிக்கவேண்டிய வாய்க்கால் மாதிரி நினைத்திருந்தேன்.

நாம் கேட்கிற முதல் கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. "இந்த ஜீவன்கள் பார்க்க எப்படி இருந்தன?" என்று தொடங்கினால் 28 வசனமும் புதிராகவே முடியும். "இது எங்கே நடந்தது? அங்கே நடந்தால் என்ன?" என்று தொடங்கிப் பாருங்கள். அவர் தரிசனத்தில் கண்ட தேவனுடைய சிங்காசனத்துக்கு ஏன் சக்கரம் என்பது அப்போதுதான் புரியும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சக்கரத்தை நோக்கித்தான் போகிறது.

வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். ஒரே இருப்பில் முடிக்கவேண்டாம். ஒரு வாரம் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்கினால் நிதானமாகப் போகலாம். வசனங்களை நான் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து சொல்கிறேன், நம்மில் பலர் சிறுவயதில் மனப்பாடம் செய்தது அதுதான். பக்கத்தில் இன்னொரு மொழிபெயர்ப்பும் இருந்தால் நல்லது.

படி 1: முதல் அதிகாரத்துக்கு முன்னால் வேறு இரண்டு பகுதிகளை வாசியுங்கள்

2 இராஜாக்கள் 24, அப்புறம் சங்கீதம் 137. இந்த இரண்டையும் வாசிக்காமல் எசேக்கியேலுக்குள் போகாதீர்கள்.

நடந்தது இதுதான். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமை முற்றுகையிட்டான். அப்போது யூதாவின் ராஜா யோயாக்கீன், வயது 18, அரியணை ஏறி மூன்றே மாதம். (அவனுடைய அப்பா பெயர் யோயாக்கீம். ஒரே எழுத்துதான் வித்தியாசம், குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அவன் சரணடைந்தான். அவனையும் அவன் தாயையும் பிரபுக்களையும் போர்வீரரையும் கைவினைஞரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். நகரமும் ஆலயமும் இன்னும் இடியவில்லை, அது பத்து வருஷத்துக்கு மேல் கழித்து நடக்கப்போகிறது. ஆனால் ஆலயத்தின் பொக்கிஷங்கள் அப்போதே போய்விட்டன.

இது வேதாகமத்தில் மட்டும் இருக்கிற செய்தி இல்லை. பாபிலோனியரே களிமண் பலகையில் எழுதிவைத்த ஆண்டுக்குறிப்பில் அந்த முற்றுகையும், பிடிபட்ட ராஜாவும் பதிவாகியிருக்கின்றன. பாபிலோன் அரண்மனை இடிபாடுகளில் கிடைத்த வேறு பலகைகளில், யூதாவின் ராஜாவான யோயாக்கீனுக்கும் அவன் குமாரருக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. அரண்மனைக் கணக்கர் எழுதிய அந்த ஒரு வரியைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு இந்தச் சிறையிருப்பு கதையாக இல்லாமல், நிஜ மனுஷருக்கு நடந்த ஒன்றாக உறைத்தது.

இப்போது அந்த ஜனங்களின் மனசுக்குள் போங்கள். அந்தக் காலத்தில் ஒரு தேசம் தோற்றால் அதன் தெய்வமும் தோற்றது என்றுதான் அர்த்தம். ஜெயித்தவன் தோற்றவனுடைய விக்கிரகத்தைத் தூக்கிக்கொண்டு போவான். யூதாவின் தேவனுக்கு விக்கிரகம் கிடையாது, அதனால் ஆலயப் பாத்திரங்களைக் கொண்டுபோனார்கள். அவர் வாசம்பண்ணும் இடம் எருசலேம் என்று சொல்லி வளர்ந்தவர்கள், எருசலேமிலிருந்து மாதக்கணக்கில் நடக்கவேண்டிய தூரத்தில் ஒரு கால்வாய்க்கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். (பிற்பாடு எஸ்றா அதே பாதையில் திரும்பி வந்தபோது நாலு மாதம் ஆனது.) "கர்த்தரின் பாட்டை அந்நிய தேசத்தில் நாங்கள் பாடுவதெப்படி?" என்று 137-ஆம் சங்கீதம் கேட்பது வெறும் ஏக்கம் இல்லை. அவர் இங்கே இருக்கிறாரா, இங்கிருந்து பாடினால் அவருக்குக் கேட்குமா என்ற நிஜமான சந்தேகம் அது.

நோட்டில் முதல் வரியாக அந்தக் கேள்வியை எழுதுங்கள்: "அவர் இங்கே இருக்கிறாரா?"

படி 2: முதல் மூன்று வசனங்களில் நின்று நிதானியுங்கள்

"முப்பதாம் வருஷம் நாலாம் மாதம் ஐந்தாந்தேதியிலே" என்று புத்தகம் தொடங்குகிறது. எதிலிருந்து முப்பது? வசனம் சொல்லவில்லை. அடுத்த வசனம் வேறொரு கணக்கு தருகிறது: யோயாக்கீன் சிறைப்பட்ட ஐந்தாம் வருஷம். அது கி.மு. 593, நம் கணக்கில் ஜூலை மாதவாக்கில். அப்படியானால் அந்த முப்பது?

எசேக்கியேலின் வயது என்று பழங்காலத்திலிருந்தே பலர் சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. மூன்றாம் வசனத்தைப் பாருங்கள்: அவர் பூசி என்னும் ஆசாரியனின் குமாரன். எண்ணாகமம் 4-ஆம் அதிகாரம் ஆசரிப்புக் கூடார (ஆலயம் கட்டுவதற்கு முன்னிருந்த ஆராதனைக் கூடாரம்) வேலைக்கு 30 வயது முதல் ஆட்களை எண்ணச் சொல்கிறது. ஒரு ஆசாரியக் குடும்பத்துப் பையனுக்கு 30 என்பது அவன் வாழ்க்கை முழுக்க எதிர்பார்த்திருக்கிற வயது. எருசலேமிலேயே இருந்திருந்தால் அந்த வருஷம் அவர் ஆலயத்துக்குள் ஊழியம் செய்யப் போயிருப்பார். இப்போது ஆலயம் எங்கேயோ இருக்கிறது, இவர் அசுத்தம் என்று எண்ணப்பட்ட தேசத்தில் இருக்கிறார். அந்த வருஷத்தில்தான் வானங்கள் திறக்கின்றன. ஆலயத்துக்குள் போகமுடியாமல் போன ஆசாரியனிடத்துக்கு, ஆலயத்தில் வாசமாயிருந்தவரே வருகிறார்.

இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கேபார் நதி என்றால் இயற்கையான பெரிய ஆறு இல்லை. இன்றைய ஈராக்கில் நிப்பூர் என்ற பழைய நகரத்துப் பக்கம் ஓடிய ஒரு பாசனக் கால்வாய் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நிப்பூரில் 1893-இல் கிடைத்த வியாபாரக் களிமண் பலகைகளில் அதே பெயருள்ள கால்வாய் வருகிறது, யூதப் பெயர்களும் வருகின்றன. அவர்கள் குடியிருந்த ஊர் தெலாபீப் (3:15). பாபிலோனிய மொழியில் அதற்கு வெள்ளம் அழித்த மேடு என்று பொருள். பாழடைந்த பழைய மேட்டில் குடியேற்றப்பட்ட ஜனங்கள் இவர்கள். பரிசுத்தம் என்று சொல்ல அந்த இடத்தில் எதுவும் இல்லை.

படி 3: "சாயல்", "போல" என்ற சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள்

இதுதான் பென்சில் வேலை. 4-ஆம் வசனம் முதல் 28 வரை மெதுவாக வாசித்து, "சாயல்", "போல", "ஒப்பாக" என்று வருகிற ஒவ்வொரு இடத்திலும் கோடு போடுங்கள். பக்கம் கோடுகளால் நிறைந்துவிடும். சாயலைக் குறிக்கும் எபிரேயச் சொல் "தெமூத்". இந்த ஒரே அதிகாரத்தில் அது 10 தடவை வருகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கீழேயிருந்து மேலே போகப்போக இந்தச் சொற்கள் அடர்த்தியாகின்றன. ஜீவன்களின் பாதத்தையும் கைகளையும் அவர் ஓரளவு நேராகவே வர்ணிக்கிறார். சிங்காசனத்துக்கு வரும்போது "சிங்காசனத்தின் சாயல்" என்கிறார். கடைசி வசனத்தில் "கர்த்தருடைய மகிமையின் சாயலுக்குரிய தரிசனம்" என்கிறார். தரிசனம், சாயல், மகிமை: மூன்று திரை. கர்த்தரைக் கண்டேன் என்று எசேக்கியேல் சொல்லவே இல்லை. மொழி தடுமாறுகிற இடமும் உண்டு, எபிரேய மூலத்தில் ஜீவன்களைச் சுட்டும் சொற்கள் ஆண்பாலும் பெண்பாலுமாக மாறி மாறி வருகின்றன. இலக்கணப் பிழை என்று சிலர் சொல்வார்கள். கண்டதைச் சொல்ல வார்த்தை போதாத ஒருவரின் குரலாகவே நான் அதைக் கேட்கிறேன்.

அதனால் அப்படியே வரைந்து பார்த்துவிடலாம் என்று இறங்காதீர்கள். இணையத்தில் கண்களால் நிறைந்த சக்கரப் படங்களைப் போட்டு "வேதாகமத்தின்படி தேவதூதர்கள் இப்படித்தான் இருப்பார்கள்" என்று பகிர்கிறார்களே, இந்த அதிகாரம் அந்த ஜீவன்களைத் தேவதூதர் என்று எங்கேயுமே சொல்லவில்லை.

படி 4: அடுக்கு அடுக்காகப் பிரியுங்கள்

படம் வேண்டாம் என்றேன், ஆனால் ஒரு வரைபடம் உதவும். நோட்டில் ஐந்து கோடு போட்டு, கீழேயிருந்து மேலாக எழுதுங்கள். அடியில் புயலும் மேகமும் அக்கினியும் (வசனம் 4). அதற்கு மேல் நாலு ஜீவன்கள் (5 முதல் 14), அவற்றின் பக்கத்தில் பூமியைத் தொட்டபடி சக்கரங்கள் (15 முதல் 21). ஜீவன்களின் தலைக்கு மேல் ஒரு மண்டலம் (22 முதல் 25). மண்டலத்துக்கு மேல் சிங்காசனம், அதன்மேல் மனுஷனைப்போன்ற ஒரு சாயல் (26 முதல் 28).

இப்படிப் பிரித்ததும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஜீவன்கள் தரிசனத்தின் மையம் இல்லை, அவை ஒரு சிங்காசனத்தின் அடிப்பகுதி. எசேக்கியேலின் கண் கீழேயிருந்து ஏறுகிறது, நம் கண் முகங்களிலேயே சிக்கிக்கொள்கிறது.

படி 5: ஜீவன்களை அவர்கள் ஊர்க் கண்ணால் பாருங்கள்

மனுஷமுகம், வலதுபக்கம் சிங்கமுகம், இடதுபக்கம் எருதுமுகம், அப்புறம் கழுகுமுகம். இந்த நாலும் அந்தக் காலத்து மனுஷனுக்குத் தெரியாதவை இல்லை. அசீரிய ராஜாக்களின் அரண்மனை வாசல்களில் பிரம்மாண்டமான கற்சிலைகள் நின்றன: மனுஷத் தலை, எருது அல்லது சிங்கத்தின் உடல், கழுகின் இறக்கை. இன்றும் லண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களில் அவற்றைப் பார்க்கலாம். ராஜா உள்ளே இருக்கிறான், எச்சரிக்கை என்று வருகிறவனுக்குச் சொல்கிற காவல் உருவங்கள் அவை. பாபிலோனின் இஷ்தார் வாசலிலும் அதன் ஊர்வலப் பாதையிலும் எருதுகளும் சிங்கங்களும் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருந்தன.

எசேக்கியேலுக்கு இன்னொரு பாடமும் தெரியும். சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்தில் ஒலிவமரத்தில் செய்து பொன்னால் மூடிய இரண்டு கேருபீன்கள் (செட்டையுள்ள வானஜீவன்களின் உருவங்கள்), ஒவ்வொன்றும் 10 முழ உயரம், ஏறக்குறைய 15 அடி. ஒவ்வொரு செட்டையும் 5 முழம், நாலு செட்டையும் சேர்ந்து ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை 20 முழம் (1 இராஜாக்கள் 6). அந்தச் செட்டைகளின் கீழேதான் உடன்படிக்கைப் பெட்டி. கர்த்தரை "கேருபீன்களின் மத்தியில் வாசம்பண்ணுகிறவர்" என்று அழைப்பது இதனால்தான். கேருபீன் இருந்தால் மேலே சிங்காசனம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் முதலாம் அதிகாரத்தில் எசேக்கியேல் "கேருபீன்" என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை. வெறும் "ஜீவன்கள்" என்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, பத்தாம் அதிகாரத்தில், எருசலேம் ஆலயத்தைத் தரிசனத்தில் பார்க்கும்போதுதான் "அவைகள் கேருபீன்கள் என்று அறிந்துகொண்டேன்" என்கிறார் (10:20). ஆலயத்தின் உள்ளறையில் இருக்கவேண்டியவை இந்தக் கால்வாய்க்கரையில் நிற்கின்றன, அதனால் அடையாளம் தெரியவில்லை. எதிர்பார்க்காத ஊரில் நமக்கு நன்றாகத் தெரிந்தவரைப் பார்த்தால் சட்டென்று பெயர் வராது இல்லையா, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

நாலு முகம் எதற்கு என்பதற்குப் பழைய யூத விளக்கம் ஒன்று உண்டு: மனுஷன் படைப்புகளுக்குத் தலை, சிங்கம் காட்டுமிருகங்களுக்கு, எருது வீட்டுமிருகங்களுக்கு, கழுகு பறவைகளுக்கு. படைப்பு முழுவதும் சிங்காசனத்தைச் சுமக்கிறது. பாபிலோனில் ராஜாவின் வாசலைக் காக்கிற உருவங்கள், இங்கே தோற்றுப்போன ஒரு ஜனத்தின் தேவனுடைய காலடியில்.

படி 6: சக்கரத்தை அவசரப்படாமல் வாசியுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிடச் சொல்கிறேன்.

15-ஆம் வசனம் முதல் 21 வரை மூன்று தடவை வாசியுங்கள். ஒவ்வொரு ஜீவனருகிலும் பூமியில் ஒரு சக்கரம். சக்கரத்துக்குள் சக்கரம். ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டுகிற இரண்டு வளையங்கள் என்று பலர் விளக்குகிறார்கள், திரும்பாமலே நாலு பக்கமும் ஓடுவதற்கு அது பொருந்துகிறது. ஒரு பெரிய வட்டத்துக்குள் சிறிய வட்டம் என்பவர்களும் உண்டு. எந்த விளக்கத்தை எடுத்தாலும் வசனம் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: இது எந்தத் திசைக்கும் போகும். போவது, செல்வது, எழும்புவது, நிற்பது என்ற வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள். இந்த ஏழு வசனத்தில் நடமாட்டத்தைச் சொல்கிற சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

சக்கரம் எங்கிருந்து வந்தது? 1 இராஜாக்கள் 7:27 முதல் வாசியுங்கள். ஆலயத்தில் தண்ணீர்க் கொப்பரைகளைத் தாங்க 10 வெண்கல ஆதாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 4 முழ நீளம், 4 முழ அகலம், 3 முழ உயரம். ஒவ்வொன்றுக்கும் நாலு வெண்கல உருளைகள் (சக்கரங்கள்), ரதத்து உருளைகளைப்போன்ற வேலைப்பாடு. பக்கப்பலகைகளில் என்ன உருவங்கள் தெரியுமா? சிங்கங்கள், எருதுகள், கேருபீன்கள். ஆசாரியன் வீட்டுப் பிள்ளை சிறுவயதிலிருந்து கேட்டும் பார்த்தும் வளர்ந்த பொருட்கள் இவை. 1 நாளாகமம் 28:18 உடன்படிக்கைப் பெட்டியின் கேருபீன்களை ரதம் என்றே சொல்கிறது. சங்கீதம் 18:10-இல் கர்த்தர் கேருபீன்மேல் ஏறி வேகமாய்ச் செல்கிறார். ஆக, ஆலயத்துப் பொருட்கள் எல்லாம் உயிர்பெற்று, சுவரை விட்டு வெளியே வந்து, ஓடத் தொடங்கியதுபோல இருக்கிறது இந்தத் தரிசனம்.

படி 1-இல் எழுதிய கேள்விக்கு இப்போது திரும்புங்கள். அவர் எருசலேமுக்குள் பூட்டப்பட்டவர் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள், பாபிலோனியர், யூதர், எருசலேமிலேயே மிச்சமிருந்தவர்கள் உட்பட. 11:15-ஐப் பாருங்கள்: நகரத்தில் தங்கிவிட்டவர்கள் சிறைப்பட்டவர்களைப் பார்த்து, நீங்கள் கர்த்தரை விட்டுத் தூரம்போங்கள், தேசம் எங்களுக்குத்தான் என்கிறார்கள். அதற்குப் பதில் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது: அவர்கள் போன தேசங்களில் நான் அவர்களுக்குக் கொஞ்சகாலம் பரிசுத்த ஸ்தலமாக இருப்பேன் என்கிறார். இதை வார்த்தையில் சொல்வதற்கு முன்னாலேயே சக்கரத்தில் காட்டிவிட்டார். 4-ஆம் வசனத்தில் புயல் வடக்கேயிருந்து வருவதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். நடுவில் பாலைவனம் இருப்பதால் எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு வருகிறவர்கள் வடக்கே சுற்றித்தான் வரவேண்டும். கைதிகள் நடந்து வந்த அதே பாதையில் கர்த்தருடைய மகிமையும் வருகிறது என்று வாசிக்க இடமிருக்கிறது.

கண்களைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. கண்ணுக்கான எபிரேயச் சொல்லுக்குப் பளபளப்பு, நிறம் என்ற பொருளும் உண்டு. 4-ஆம் வசனத்தில் "நிறம்" என்றும், 16-ஆம் வசனத்தில் படிகப்பச்சையின் "வருணம்" என்றும் வருவது அதே சொல்தான். அதனால் சக்கரத்தின் கண்கள் பதித்துவைத்த மின்னும் கற்களாகவும் இருக்கலாம். கண்கள் என்றே எடுத்தாலும் பொருள் தெளிவுதான்: இந்த ரதம் பார்க்காத திசை இல்லை.

படி 7: மேலே ஏறுங்கள்

ஜீவன்களின் தலைக்கு மேல் மண்டலம். ஆதியாகமம் 1-இல் ஆகாயவிரிவைச் சொல்லும் அதே எபிரேயச் சொல், "ரக்கியா". செட்டைகளின் இரைச்சல் பெருவெள்ளம்போல, சேனையின் சத்தம்போல. பிறகு அவை நின்று செட்டைகளைத் தளரவிடுகின்றன, மேலேயிருந்து ஒரு சத்தம். நீலரத்தினம்போன்ற சிங்காசனம் யாத்திராகமம் 24:10-ஐ நினைவூட்டுகிறது, அங்கே மோசேயும் மூப்பர்களும் கண்டபோது அவர் பாதத்தின்கீழே நீலக்கல் இழைத்த வேலைபோலிருந்தது.

சிங்காசனத்தின்மேல் மனுஷசாயல். ஆதியாகமத்தில் மனுஷன் தேவனுடைய சாயலில் உண்டாக்கப்பட்டான், அங்கும் "தெமூத்" என்ற சொல் உண்டு. இங்கே அதே சாயல் எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிகிறது.

"சொகுசாவின் நிறம்" என்பது பலரை நிறுத்திவிடும், அந்தச் சொல் இன்று யார் வாயிலும் இல்லை. மூலத்தில் "ஹஷ்மல்". வேதாகமத்தில் எசேக்கியேலில் மட்டும், மூன்றே இடத்தில் வருகிறது (1:4, 1:27, 8:2). பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் "எலெக்ட்ரான்" என்றார்கள், பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகம் அல்லது அம்பர். உலைக்குள் ஜொலிக்கிற உலோகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், போதும். இன்றைய எபிரேயத்தில் "ஹஷ்மல்" என்றால் மின்சாரம். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொடுத்த பொருள், அதைப் பின்னோக்கி இங்கே கொண்டுவராதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, அக்கினியைச் சுற்றி, மழைநாளின் மேகத்தில் தெரிகிற வானவில். நோவாவோடு செய்த உடன்படிக்கையின் அடையாளம். நியாயத்தீர்ப்பைச் சொல்லப்போகிற புத்தகத்தின் முதல் பக்கத்தில் அது இருப்பது எனக்கு மிகவும் பிரியமான விஷயம்.

படி 8: 28-ஆம் வசனத்தில் நிறுத்தாதீர்கள்

அதிகாரப் பிரிவு பிற்காலத்தது. தரிசனம் 3:15 வரை ஓடுகிறது. முகங்குப்புற விழுந்தவரிடம் "மனுபுத்திரனே, உன் காலூன்றி நில்" என்று சத்தம் வருகிறது. புலம்பல் எழுதிய சுருளைப் புசிக்கச் சொல்கிறார், வாயில் அது தேனைப்போல் தித்திக்கிறது. முடிவில் தெலாபீபுக்கு வந்து ஏழு நாள் பிரமித்து உட்கார்ந்திருக்கிறார். தரிசனம் கண்டவர் அதற்கு விளக்கம் எழுதவில்லை, ஏழு நாள் பேசவில்லை. வாசித்த உடனே கூட்டத்தில் விளக்கம் சொல்ல ஓடுகிறவர்களிடம் இந்த வசனத்தைக் காட்டுவேன். நானும் அப்படி ஓடியவன்தான், அதனால் அக்கறையோடு சொல்கிறேன்.

படி 9: மகிமை போகிற பாதையைப் பின்தொடருங்கள்

8 முதல் 11 வரை ஒரே சாயங்காலத்தில் வாசியுங்கள். சிறையிருப்பின் ஆறாம் வருஷம், ஆறாம் மாதம். எசேக்கியேல் தரிசனத்தில் எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோகப்படுகிறார். உள்ளே விக்கிரகம், இருட்டறையில் தூபங்காட்டும் 70 மூப்பர்கள், தம்மூஸ் என்ற பாபிலோனியத் தெய்வத்துக்காக அழுகிற பெண்கள், ஆலயத்துக்கு முதுகைக் காட்டிச் சூரியனை வணங்கும் ஆண்கள். இப்போது மகிமை நகரத் தொடங்குகிறது. அது நிற்கிற இடங்களை நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: கேருபீன்மேலிருந்து வாசற்படிக்கு (9:3), வாசற்படியிலிருந்து கேருபீன்களின்மேல் (10:18), கிழக்கு வாசல் (10:19), நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலை (11:23). ஒரே பாய்ச்சலில் போயிருக்கலாம், போகவில்லை. ஒவ்வொரு இடத்திலும் நிற்கிறது. வீட்டை விட்டுப் போக மனசில்லாதவர் வாசலில் நின்று நின்று போவதுபோல. முதலாம் அதிகாரத்தில் ஜீவன்களின் நடுவில் கண்ட அக்கினித் தழலும் இங்கே திரும்ப வருகிறது, நகரத்தின்மேல் இறைக்கப்படுகிறது (10:2).

அப்புறம் நேரே 43-ஆம் அதிகாரத்துக்குப் போங்கள். சிறையிருப்பின் 25-ஆம் வருஷம், கி.மு. 573. ஆலயம் இடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. போன அதே கிழக்குத் திசையிலிருந்து மகிமை திரும்பி வருகிறது. கேபார் நதியண்டையில் கண்டதைப் போலவே இருந்தது என்று 43:3-இல் அவரே சொல்கிறார். சக்கரம் உள்ள சிங்காசனம் போகவும் செய்யும், வரவும் செய்யும்.

படி 10: மற்றவர்கள் எப்படி வாசித்தார்கள் என்று பாருங்கள்

இதைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றேதான், முதலில் விளக்கங்களைப் படித்துவிட்டால் வசனம் கண்ணில் படாது.

யூதர்கள் இந்தத் தரிசனத்தை "மெர்காபா", அதாவது ரதம், என்று அழைத்தார்கள். மிஷ்னா என்ற அவர்களுடைய பழைய சட்டத்தொகுப்பு, சொந்தமாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஞானியாக இருந்தாலொழிய ஒரே ஒருவருக்குக்கூட இதை விளக்கக்கூடாது என்கிறது. யூதர்கள் முப்பது வயதுக்கு முன் இந்தப் புத்தகத்தின் தொடக்கத்தையும் முடிவையும் வாசிப்பதில்லை என்று எரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர் குறித்துவைத்திருக்கிறார். ஆனாலும் வாரங்களின் பண்டிகையான ஷாவுவோத் அன்று ஜெபாலயத்தில் இது சத்தமாக வாசிக்கப்படுகிறது. கிறிஸ்தவர்கள் இரண்டாம் நூற்றாண்டிலேயே நாலு முகத்தையும் நாலு சுவிசேஷத்தோடு இணைத்தார்கள். மத்தேயுவுக்கு மனுஷன், மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்கு எருது, யோவானுக்குக் கழுகு என்று பிற்பாடு நிலைத்தது. அழகான தியானம்தான், எசேக்கியேல் சொன்னது அது இல்லை. பறக்கும் தட்டு என்று 1960களின் கடைசியிலிருந்து பரவிய விளக்கத்துக்கு நான் அதிகம் செலவிடமாட்டேன். படி 5-ஐயும் 6-ஐயும் செய்தவருக்கு இதில் உள்ளவை எல்லாம் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்திருக்கும்.

வெளிப்படுத்தின விசேஷம் 4-ஐ மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அங்கேயும் சிங்கம், காளை, மனுஷன், கழுகு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே முகம், ஏசாயா 6-இல் வருகிற சேராபீன்கள் என்ற வானஜீவன்களைப்போல ஆறு சிறகு. வானவில் உண்டு, கண்கள் உண்டு. சக்கரம் இல்லை. அந்தப் புத்தகத்தில் யோவான் காண்பது வானத்தில் வைக்கப்பட்டிருக்கிற சிங்காசனம், அது எங்கேயும் பயணம் போகவேண்டியதில்லை. எசேக்கியேலுக்குத் தேவைப்பட்டது பயணம் வந்த சிங்காசனம்.

படி 11: ஒரே ஒரு சொல்லைப் புத்தகம் முழுக்கத் தேடுங்கள்

"ரூவாஹ்" என்ற எபிரேயச் சொல்லுக்குக் காற்று, மூச்சு, ஆவி மூன்றும் பொருள். தமிழில் இடத்துக்கு இடம் வேறு சொல்லாகப் பிரிந்துவிடுவதால் நமக்குத் தெரியாமல் போகிறது. 1:4-இல் வருகிற புசல்காற்று (புயல்காற்று) அதுதான். 1:12-இலும் 1:20-இலும் ஜீவன்களையும் சக்கரங்களையும் நடத்துகிற ஆவி அதுதான். 2:2-இல் எசேக்கியேலுக்குள் வந்து அவரைக் காலூன்றி நிற்கச்செய்கிறது. 3:14-இல் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. இந்த இடங்களையெல்லாம் குறித்துக்கொண்டு, நாம் எப்போதும் தாவி ஓடுகிற அந்த 37-ஆம் அதிகாரத்துக்கு இப்போது போங்கள். எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கில் நாலு திசையிலிருந்தும் வரச்சொல்லிக் கூப்பிடுவது அதே ரூவாஹைத்தான். பத்தாம் வசனத்தை நிறுத்தி வாசியுங்கள்: "அவர்கள் உயிரடைந்து, காலூன்றி, மகா பெரிய சேனையாய் நின்றார்கள்." கால்வாய்க்கரையில் விழுந்து கிடந்த ஒருவரிடம் சொன்ன அதே "காலூன்றி".